கிணத்துக்குள்ள இருக்கிறதை வரையலாமா? பயக்கதைக்குப் படம் போடுறதைப் பத்தி ஒரு நீளமான பதில்

நீங்க கேட்டிருக்கிறது மேலோட்டமா பாத்தா "திகில் கதைக்குப் படம் தேவையா, இல்லையா"ன்னு ஒத்த வரிக் கேள்வி. ஆனா கீழ எழுதியிருக்கிற விவரத்தைப் படிச்சா விஷயம் வேற. நீங்க ஒரு கதை எழுதியிருக்கீங்க, ஊருக்கு வெளிய ஒரு பாழுங்கிணறு, ராத்திரி அதுக்குள்ள இருந்து என்னமோ ஒண்ணு ஏறி வருது, அது என்னன்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்ல. உங்க நண்பர் அதுக்குப் படம் போட்டுக் குடுத்திருக்கார், தலைமுடி, கண்ணு, நகம்னு ஒண்ணு விடாம. படம் இல்லாம படிச்சவங்க பயந்தாங்க, படத்தோட படிச்சவங்க "ஆர்ட் சூப்பர்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆக நீங்க நிஜமா கேக்குறது, நண்பர் மனசு நோகாம அந்தப் படத்தை எப்படித் தூக்குறது, இல்ல தப்பே என் கதையிலதானா, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் இதை எப்படிச் சமாளிச்சாங்க, இதுதானே? அதுக்குத்தான் பதில் சொல்லப்போறேன், கொஞ்சம் நீளும், டீ கீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். 20 வருஷத்துக்கு மேல கதைகளுக்குப் படம் போட்டுட்டு இருக்கேன், வாரப் பத்திரிகை, சிறுகதை, தொடர்கதை, அட்டைப்படம் எல்லாம். பழைய அமெரிக்க பல்ப் பத்திரிகைங்க மேல ஒரு கிறுக்கு, பல்ப்னா மட்டமான மரக்கூழ் காகிதத்துல அச்சடிச்ச மலிவு விலைக் கதைப் பத்திரிகை, அதுல வந்த ஓவியங்களைத் தேடித்தேடிப் பாக்குறதுதான் பொழுதுபோக்கு. இலக்கிய ஆராய்ச்சி பண்ணவன் கிடையாது. அதனால கீழ வர்ற பேரு, வருஷம், காசு கணக்கு எல்லாம் பதிவான விஷயம், நம்பலாம். எந்தப் படம் பயமுறுத்துது, எது பயமுறுத்தலங்கிறது மட்டும் என் கண்ணும் என் அனுபவமும் சொல்றது, அதுல நீங்க என்கூட சண்டை போடலாம்.

உங்க பிரச்சனை புதுசு இல்லங்க, நூறு வருஷப் பழசு. 1923 மார்ச்ல சிகாகோவுல 'வியர்ட் டேல்ஸ்'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க, முழுக்க முழுக்க அமானுஷ்யக் கதைக்குன்னே. இன்னிக்கு டார்க் ஃபேன்டஸி, காஸ்மிக் ஹாரர் (பிரபஞ்சத்துக்கு முன்னாடி மனுஷன் ஒண்ணுமே இல்லங்கிற பயம்)னு என்னென்ன பேர்ல கூப்பிடுறோமோ அதுல பாதிக்கு மேல அந்த மட்டமான காகிதத்துல இருந்து வந்ததுதான். லவ்கிராஃப்ட், ராபர்ட் ஈ. ஹோவர்ட், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்னு மூணு எழுத்தாளருங்க அதுல பெரிய தலை. கதுலுங்கிற ஒரு ஜந்துவைப் பத்தின லவ்கிராஃப்டோட கதை 1926ல எழுதினது, எடிட்டர் ஃபார்ன்ஸ்வர்த் ரைட் முதல்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பி, அப்புறம் மனசு மாறி 1928 பிப்ரவரி இதழ்ல போட்டார். அந்தக் கதையை இப்ப நீங்க எடுத்துப் படிச்சுப் பாருங்க, அதுல இருக்கிற தந்திரம் உங்க கேள்விக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. கதை சொல்றவன் அந்த ஜந்துவை ஒரு தடவை கூட கண்ணால பாக்கல. முதல்ல ஒரு இளம் சிற்பி கனவுல கண்டதை களிமண்ணுல வடிச்சுக் கொண்டாந்ததைப் பாக்குறான். அப்புறம் போலீஸ்காரர் பிடிச்சுட்டு வந்த ஒரு சின்னச் சிலையைப் பத்திக் கேள்விப்படுறான். கடைசியா, நேர்ல பாத்த ஒரு மாலுமி எழுதி வச்சுட்டுச் செத்துப்போன குறிப்பைப் படிக்கிறான். மாலுமியும் "ஒரு மலையே நடந்துச்சு"ங்கிற அளவுக்குத்தான் சொல்லியிருக்கான், அதுக்கு மேல இல்ல. அதாவது பயம் மூணு கை மாறி நம்மகிட்ட வருது, ஒவ்வொரு கைமாத்துலயும் கொஞ்சம் விவரம் உதிர்ந்துடுது, உதிர்ந்த இடத்தை நிரப்புறது படிக்கிறவன். கவனிச்சீங்களா, அந்த முதல் கை ஒரு கலைஞனோடது. உலகம் முழுக்க அந்தக் கெட்ட கனவு யாருக்கு வருதுன்னா கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும்தான், வியாபாரம் பண்றவனுக்கெல்லாம் ஒண்ணும் தெரியல, நிம்மதியா தூங்குறான். (இதைப் படிச்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற.)

இப்ப தமாஷ் என்னன்னா, 1934 மே மாசம் லவ்கிராஃப்டே தன் கையால கதுலு சிலையை ஒரு தாள்ல வரைஞ்சார், பார்லோங்கிற இளம் நண்பருக்காக. இன்னிக்கும் அந்த ஸ்கெட்ச் இருக்கு, தேடினா கிடைக்கும். ஒரு பீடத்து மேல பக்கவாட்டுல குந்தி உக்காந்திருக்கு, மூஞ்சியில தும்பிக்கை தும்பிக்கையா தொங்குது, முதுகுல சின்னதா ரெண்டு றெக்கை. சத்தியமா சொல்றேன், பயமே வராது, யாரோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அந்த ஜந்துவை உண்டாக்கின ஆளே வரைஞ்சும் பயம் வரலன்னா, உங்க நண்பர் மேல கோபப்பட என்ன இருக்கு சொல்லுங்க. லவ்கிராஃப்ட் கைக்கு வரைய வராதுங்கிறது ஒரு பக்கம், ஆனா விஷயம் அது மட்டும் இல்ல. எழுத்துல "ஆக்டோபஸ் மாதிரியும், டிராகன் மாதிரியும், மனுஷன் மாதிரியும்"னு மூணையும் ஒண்ணா சொல்லிட்டு, மொத்தத்துல பாத்தாதான் குலைநடுங்கும்னு நழுவிடலாம். வரையும்போது நழுவ முடியாது. றெக்கை எங்க முளைக்குதுன்னு கோடு போட்டே ஆகணும். எழுதுறவனுக்கு இருட்டு சும்மா கிடைக்குது, வரையறவன் அந்த இருட்டையும் மை ஊத்தித்தான் சம்பாதிக்கணும்.

லவ்கிராஃப்டுக்கு இது நல்லாவே தெரியும். 1927ல வந்த அவரோட 'பிக்மேன்ஸ் மாடல்' கதையே ஒரு ஓவியனைப் பத்தினதுதான். பாஸ்டன்ல கோரமான படமா வரையற ஒரு ஆளு, சங்கமெல்லாம் அவனை ஒதுக்கி வச்சிருக்கு. கதை நடுவுல நிஜ ஓவியர்கள் பேரெல்லாம் வரும், கோயா, குஸ்தாவ் டோரே, சிட்னி சைம், சிகாகோவுல இருந்த ஆஞ்சரோலா. கண்ட கண்ட பெயிண்டர் எல்லாம் சாயத்தை அள்ளித் தெளிச்சு அதைப் பேய்னு சொல்லலாம், நிஜமான ஓவியனுக்குத்தான் பயத்தோட உடற்கூறு தெரியும்ங்கிற அர்த்தத்துல ஒரு இடம் வரும், நான் படம் போட உக்காரும்போதெல்லாம் ஞாபகம் வர்ற இடம். கதையைப் படிக்காதவங்க அடுத்த ரெண்டு வரியைத் தாண்டிடுங்க. கடைசியில அந்தப் படத்துல இருந்த கோரத்தை அவன் கற்பனை பண்ணல, முன்னாடி நிக்க வச்சு வரைஞ்சிருக்கான், ஆதாரம் ஒரு போட்டோ. அந்த போட்டோவுல இருந்தது அவன் வரைஞ்சுட்டு இருந்த அதே ஜந்துதான்னு மட்டும் சொல்லி கதையை முடிச்சிட்டார் மனுஷன்.

அந்தப் பட்டியல்ல சிட்னி சைம்னு ஒருத்தர் சொன்னேன் இல்ல, அவரைப் பத்தி நீங்களும் உங்க நண்பரும் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். இங்கிலாந்துக்காரர், சின்ன வயசுல நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்துட்டு அப்புறம் ஓவியம் படிக்க வந்தவர். அயர்லாந்துப் பிரபு டன்சனி, இன்னிக்கு ஃபேன்டஸி எழுதுற அத்தனை பேருக்கும் ஒரு வகையில தாத்தா, அவர் 1905ல தன் முதல் புத்தகத்தை, தானே ஒரு கடவுள் கூட்டத்தைக் கற்பனை பண்ணி எழுதினதை, கைக்காசு போட்டு வெளியிட்டப்போ படத்துக்கு சைமைத்தான் தேடிப் போனார். அதுக்கப்புறம் பல வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே வேலை பாத்தாங்க. ஒரு கட்டத்துல சைம் புலம்பியிருக்கார், எடிட்டர்ங்க குடுக்குற கதையெல்லாம் தனக்குக் கொஞ்சமும் ஒத்துவரலன்னு. அதுக்கு டன்சனி என்ன பண்ணார் தெரியுமா, நீ உன் மனசுக்குத் தோணினதை வரை, எனக்கு ஒண்ணும் விளக்க வேண்டாம், நான் அதைப் பாத்து கதை எழுதிக்கிறேன்னுட்டார். 1912ல வந்த அவரோட 'புக் ஆஃப் வொண்டர்' கதைகள் பெரும்பாலும் அப்படிப் பொறந்ததுதான், முதல்ல படம், அப்புறம் கதை. சைமோட அந்தப் படங்கள்ல ஜந்து சின்னதா எங்கயோ ஒரு மூலையில இருக்கும், இல்லன்னா இருக்கவே இருக்காது. பெரிய பெரிய பாறை, உச்சியில ஒரே ஒரு வீடு, அதுக்குப் போற ஒத்தையடிப் பாதை, பாதையில நடந்து போற ஒருத்தன். அவ்வளவுதான். போகாதடான்னு நமக்குக் கத்தத் தோணும்.

நான் முதல்ல சறுக்கினதும் இங்கதான், அதையும் சொல்லிடுறேன். தொழிலுக்கு வந்த ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ, ஒரு பத்திரிகையில இருந்து பேய்த் தொடருக்குப் படம் கேட்டாங்க. முழுக்கதை தரல, போன்ல ரெண்டு நிமிஷம் சுருக்கம் சொன்னாங்க, "சார், அந்தப் பொண்ணு கண்ணாடியில தெரியுது, நல்லா பயங்கரமா போட்டுடுங்க". நானும் ராத்திரி முழுக்க உக்காந்து கண்ணாடி, அதுக்குள்ள பொண்ணு, வாயோரம் ரத்தம், எல்லாம் போட்டு அனுப்பிட்டேன். இதழ் வந்தப்புறம் எழுத்தாளர் கூப்பிட்டார், திட்டலீங்க, ரொம்ப சோர்வா பேசினார். கண்ணாடியில யாரும் தெரியலங்கிறதுதான் அந்த அத்தியாயத்தோட முடிவாம். பக்கத்தைத் திறந்ததும் மேலயே என் படம், முக்கால் பக்கத்துக்கு. அவர் ஆறு பக்கம் கஷ்டப்பட்டுக் கட்டினதை நான் அரை செகண்டுல உடைச்சிட்டேன். அன்னியில இருந்து முழுக்கதையும் கைக்கு வராம பேனாவைத் தொடுறதில்ல.

சரி, வியர்ட் டேல்ஸ்ல படம் போட்டவங்க எப்படி சமாளிச்சாங்க? ரெண்டு பேரைச் சொல்றேன், ரெண்டு பேரும் நேர் எதிர். ஒருத்தங்க மார்கரெட் பிரண்டேஜ். 1932ல இருந்து 1945க்குள்ள 66 அட்டைப்படம் போட்டிருக்காங்க, எல்லாம் பேஸ்டல் சாக்கட்டியில. ஒரு அட்டைக்கு 90 டாலர். பொருளாதார மந்தம் உச்சத்துல இருந்த காலம், அந்தக் காசுலதான் குடும்பம் ஓடுச்சு. அவங்க அட்டையில அநேகமா அரைகுறை உடுப்புல ஒரு பொண்ணு ஆபத்துல மாட்டிட்டு இருப்பா, ஜந்து பின்னாடி எங்கயாவது மங்கலா. பயமுறுத்துற படம் இல்ல அது, கடையில தொங்கும்போது கையை நீட்ட வைக்கிற படம். இதைக் கேலியா சொல்லல, அட்டைப்படத்தோட வேலையே அதுதானே. சில எழுத்தாளருங்க, குறிப்பா சீபரி குவின், அட்டையில வர்றதுக்குன்னே கதையில அந்த மாதிரி ஒரு காட்சியைச் செருகுவாங்கன்னு அப்பவே எல்லாருக்கும் தெரியும். அப்படிச் செருகாத லவ்கிராஃப்டுக்கு உயிரோட இருந்த வரைக்கும் வியர்ட் டேல்ஸ்ல அவர் பேர்ல ஒரு அட்டை கூட கிடைக்கல. பிரண்டேஜ் 'எம். பிரண்டேஜ்'னு மட்டும் கையெழுத்துப் போட்டதால வரையறது ஆம்பளைன்னே வாசகர்ங்க நினைச்சிட்டு இருந்தாங்க, 1934லதான் பொண்ணுன்னு தெரிஞ்சது, அதுக்கும் ஒரு கலாட்டா. சொந்த மகள்களையே மாடலா நிக்க வச்சு வரைஞ்சாங்கன்னு ஒரு கதை இன்னிக்கும் சுத்துது, யாராவது சொன்னா நம்பாதீங்க, அவங்களுக்கு மகளே கிடையாது, ஒரே ஒரு பையன். 1938ல பத்திரிகை நியூயார்க்குக்கு இடம் மாறினதும் அவங்களுக்கு வேலை குறைய ஆரம்பிச்சது, காரணத்துல ஒண்ணு ரொம்ப சாதாரணமானது, பேஸ்டல் தொட்டாலே கலையும், சிகாகோவுல இருந்து தபால்ல அனுப்பினா தேய்ஞ்சு போயிடும். 1976ல சாகும்போது வறுமைதான்.

இன்னொருத்தர் விர்ஜில் ஃபின்லே. 21 வயசுல தானாவே சாம்பிள் படங்களைத் தபால்ல அனுப்பி, 1935 டிசம்பர்ல இருந்து வியர்ட் டேல்ஸ்ல வர ஆரம்பிச்சவர். அவரோட முறை என்னன்னா புள்ளி, ஆயிரக்கணக்குல புள்ளி, இல்லன்னா கருப்புப் பூசின ஸ்க்ராட்ச்போர்டைச் சுரண்டி வெள்ளைக் கோடு எடுக்குறது. இவ்வளவு நுணுக்கம் அந்தத் தாள்ல அச்சாகுமான்னு எடிட்டருக்கே சந்தேகமா இருந்துச்சாம். நானும் புள்ளி வச்சுப் பாத்திருக்கேன், உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு ராத்திரி போயிடும், மறுநாள் கட்டைவிரல் மடங்காது. ஆனா அதுல ஒரு லாபம் இருக்கு. புள்ளியால வரைஞ்ச உருவத்துக்கு விளிம்பு கிடையாது. உடம்பு எங்க முடியுது, இருட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு கிழிச்சுச் சொல்ல வேண்டியதில்ல, புள்ளிங்க மெல்ல மெல்ல அடர்த்தியாகி கருப்புக்குள்ள போயிடும். எழுத்தாளன் நழுவுற மாதிரியே ஓவியனும் நழுவ ஒரு வழி கண்டுபிடிச்சார் பாருங்க. 1936ல ராபர்ட் பிளாக்கோட ஒரு கதைக்கு, பின்னாடி 'சைக்கோ' நாவல் எழுதினாரே அதே பிளாக்தான், ஃபின்லே போட்ட படத்தைப் பாத்து லவ்கிராஃப்ட் ஒரு கவிதையே எழுதினார். படம் போட்டா பயம் போயிடும்னு எழுத்தாளருங்க எப்பவும் நினைச்சாங்கன்னு யாராவது சொன்னா இந்தக் கவிதையைத்தான் நான் காட்டுவேன்.

இப்ப நான் சொன்னதையே நான் கொஞ்சம் மறுக்கணும், ஏன்னா "காட்டாத வரைக்கும்தான் பயம்"னு ஒரு சட்டம் மாதிரி எடுத்துக்கிட்டீங்கன்னா அது தப்பு. பெர்னி ரைட்சன்னு ஒரு அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் இருந்தார். ஃபிராங்கன்ஸ்டைன் நாவலுக்கு அவர் போட்ட பேனா ஓவியங்கள், கிட்டத்தட்ட 50, யாரும் கேக்காம, யாரும் காசு குடுக்காம, வேற வேலைகளுக்கு நடுவுல ஏழு வருஷம் உக்காந்து வரைஞ்சது, 1983ல புத்தகமா வந்துச்சு. அதுல அந்த ஜந்து ஒளிஞ்சே இருக்கிறதில்ல, நேரா நிக்குது, நல்ல வெளிச்சத்துல, ஒவ்வொரு தசைநாரும் தெரியுது. ஆனா வயித்தைப் பிசையுது. ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். மேரி ஷெல்லி 1818ல எழுதினது என்னன்னா, அந்த ஜந்துவை உண்டாக்கின விக்டர் அழகழகான உறுப்பாப் பாத்துப் பொறுக்கிச் சேத்திருக்கான், பளபளன்னு கருப்பு முடி, முத்து மாதிரி பல்லு, அது அந்த மஞ்சத் தோலோடயும் வெளிறின கண்ணோடயும் சேந்து நிக்கும்போதுதான் அருவருப்பு. 1831 பதிப்புல வான் ஹோல்ஸ்ட் போட்ட முகப்புப் படத்துலயும் அது கட்டுமஸ்தான ஒரு மனுஷன்தான், தரையில கிடந்து தானே பயந்து முழிக்குது, விக்டர் கதவு வழியா ஓடுறான். சரியா நூறு வருஷம் கழிச்சு 1931ல சினிமாவுக்காக மேக்கப்காரர் ஜாக் பியர்ஸ் தட்டையான மண்டையும் கழுத்துல போல்ட்டும் வச்சார், அவ்வளவுதான், ஷெல்லி எழுதினதை எல்லாரும் மறந்துட்டாங்க. இன்னிக்கு யாரை வரையச் சொன்னாலும் போல்ட்டைத்தான் வரைவாங்க, நாவல்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. ரைட்சன் அந்தப் போல்ட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு நாவலுக்குத் திரும்பப் போனவர். அவர் படத்துல நம்மளைக் கலங்கடிக்கிறது ஜந்துவோட மூஞ்சி இல்ல, அதுக்கு நம்ம மேல ஒரு வருத்தம் இருக்குங்கிறது. அதை ஒளிச்சு வச்சா அந்த வருத்தம் தெரியாது, அதனால காட்டினார். அப்ப கேள்வியே காட்டலாமா கூடாதாங்கிறது இல்லைங்க, உங்க கதையில பயம் எங்க இருந்து வருதுங்கிறதுதான். தெரியாததுல இருந்து வந்தா மறைக்கணும். தெரிஞ்சதுல இருந்து வந்தா, அதாவது அதோட முகத்துல ஒரு மனுஷன் தெரியறதுல இருந்து வந்தா, நல்லா வெளிச்சம் போட்டுக் காட்டணும்.

காட்டுறது, மறைக்கிறது ரெண்டும் ஒரே இடத்துல நடந்தது கீகர்ங்கிற ஓவியர் விஷயத்துல. சுவிட்சர்லாந்துல மருந்துக்கடைக்காரர் பையன், ஏர்பிரஷ்ல எலும்பும் இரும்பும் பின்னிப்பிணைஞ்ச படமா வரைஞ்சு 1977ல ஒரு புத்தகம் போட்டார், பேரு 'நெக்ரோனோமிக்கான்', லவ்கிராஃப்ட் சும்மா கற்பனையா உண்டாக்கின மந்திரப் புத்தகத்தோட பேரு அது (நிஜமாவே அப்படி ஒரு பழைய புத்தகம் இருக்குன்னு நம்புறவங்க இன்னும் இருக்காங்க, இல்ல). அதுல இருந்த ஒரு படத்தைப் பாத்துட்டுத்தான் டைரக்டர் ரிட்லி ஸ்காட் தன் 'ஏலியன்' சினிமாவோட ஜந்து இதுதான்னு முடிவு பண்ணார். கீகர் அதை அணு அணுவா வரைஞ்சார், செஞ்சார், ஆனா கண்ணு மட்டும் வைக்கல. எங்க பாக்குதுன்னே தெரியாது, அதனால உன்னைத்தான் பாக்குதோன்னு தோணும். ஸ்காட் அதை வாங்கி இருட்டுல வச்சு, படம் முழுக்க கொஞ்ச நேரம்தான் காட்டினார். 1980ல அந்தக் குழுவுக்கு ஆஸ்கார். இங்க முழுசா வரைஞ்சது ஒருத்தர், மறைச்சது இன்னொருத்தர். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்த வேலைப் பங்கீடு நடக்கவே இல்லங்கிறதுதான் என் சந்தேகம்.

ஏன் சொல்றேன்னா, உங்க பதிவைத் திறந்து பாத்தேன், படம் கதைக்கு மேல இருக்கு. தலைப்பு, உடனே படம், அப்புறம் முதல் வரி. லிங்க் ஷேர் பண்ணினா கூட அந்த மூஞ்சிதான் முதல்ல வருது. கதையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே கிணத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தாச்சு, அப்புறம் 14 நிமிஷம் நீங்க அதை மறைச்சு மறைச்சு எழுதினா யாருக்குப் பயம் வரும்? ஜப்பான்ல ஜுஞ்சி இட்டோன்னு ஒரு மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) ஓவியர், முதல்ல பல் கட்டுற டெக்னீஷியனா வேலை பாத்தவர், கதையும் அவரே படமும் அவரே, அவர் கோரமான படத்தை எப்பவும் பக்கத்தைத் திருப்பின உடனே வர்ற மாதிரி வைப்பார். முந்தின பக்கத்துல ஒருத்தி எதையோ பாத்து உறைஞ்சு நிக்கிறதோட நிறுத்திடுவார். திருப்புறது உங்க கை, அதனால பாதிக் குற்றம் உங்களோடதுங்கிற மாதிரி ஆயிடும். போன்ல பக்கம் கிடையாது, விரலால தள்ளுறதுதான், ஆனா தந்திரம் அதேதான். நீங்க படத்தைத் தூக்க வேண்டாம், கீழ இறக்குங்க. மேல வேற ஒண்ணு வைங்க.

அந்த வேற ஒண்ணு என்னன்னு என்னைக் கேட்டா, உங்க கதையில ஒரு இடம் இருக்கு, நீங்களே அதைப் பெருசா நினைக்காம ஒரே வரியில தாண்டிட்டீங்க. காலையில போய்ப் பாத்தா வாளிக்கயிறு முழுக்க நனைஞ்சிருக்கு, உருளையில இருந்து தரை வரைக்கும், ஆனா கிணத்துல தண்ணி வத்தி எட்டு வருஷம் ஆச்சு. எனக்கு அங்கதான் சொரேர்னு இருந்துச்சு. அந்த ஈரக்கயித்தை வரையச் சொல்லுங்க. ஜந்து வேண்டாம், மனுஷன் வேண்டாம், கயிறும், கீழ சொட்டின ஈரமும், கிணத்துச் சுவரும் போதும். நண்பர்கிட்ட "உன் படம் நல்லா இல்ல"ன்னு சொல்லாதீங்க, அது உண்மையும் இல்ல. டன்சனி பண்ணினதைப் பண்ணுங்க, முழுக்கதையும் குடுத்து, இதுல உனக்கு எந்த இடம் தூக்கத்தைக் கெடுத்துச்சோ அதை வரைன்னு சொல்லுங்க. என் கயிறை விட நல்ல இடம் அவருக்குத் தோணலாம், நான் ஒண்ணும் சோசியக்காரன் இல்ல.

பிராக்கெட்ல நீங்க கேட்ட கடைசி விஷயம், இதுல காசு வருமான்னு. பழைய கணக்கைச் சொல்றேன். வியர்ட் டேல்ஸ் சாதாரணமா வார்த்தைக்கு ஒரு சென்ட், அதுவும் அச்சானப்புறம்தான், சில சமயம் மாசக்கணக்கா இழுத்தடிப்பு. 1935 மே மாசம் ஹோவர்ட் எடிட்டருக்கு எழுதின கடிதத்துல, பத்திரிகை தனக்கு 800 டாலருக்கு மேல பாக்கின்னு கெஞ்சாத குறையா கேக்குறார், அம்மாவுக்கு உடம்பு முடியாத நேரம். அடுத்த வருஷம் 30 வயசுல அவரே போயிட்டார். லவ்கிராஃப்ட் அடுத்தவங்க கதையைத் திருத்திக் குடுத்தும், மந்திரவாதி ஹூடினி பேர்ல ஒரு கதை எழுதிக் குடுத்தும்தான் காலத்தை ஓட்டினார். அந்தக் கதையோட டைப் பண்ண பிரதியை கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ரயில்வே ஸ்டேஷன்ல தொலைச்சிட்டு, புதுப்பொண்டாட்டியை பக்கத்துல வச்சுக்கிட்டு திரும்ப டைப் அடிச்சார், கிடைச்சது 100 டாலர். 1937ல அவர் செத்தப்புறம், அவர் நண்பருங்க டெர்லெத்தும் வாண்ட்ரீயும் 1939ல ஆர்காம் ஹவுஸ்னு பதிப்பகம் ஆரம்பிச்சு அவர் கதைகளைப் புத்தகமா போட்டாங்க, மேலட்டை ஃபின்லேயோடது, மொத்தம் 1,268 பிரதி, அது வித்து முடியவே நாலு வருஷம். ஹேன்ஸ் பாக்னு ஒரு அருமையான ஓவியர், 1939ல 18 வயசுப் பையன் ரே பிராட்பரி (பின்னாடி பெரிய எழுத்தாளர் ஆனவர்) அவர் படங்களை பஸ்ல நியூயார்க்குக்குத் தூக்கிட்டுப் போய் எடிட்டர்கிட்ட காட்டித்தான் வாய்ப்பே கிடைச்சது, 1953ல முதல் ஹ்யூகோ விருது (அறிவியல் புனைகதைக்குக் குடுக்குறது) கூட வாங்கினார், ஆனா 1964ல செத்தப்போ கையில ஒண்ணும் இல்ல. (லவ்கிராஃப்டைப் புகழ்ந்துட்டே போறேன், அதனால இதையும் சொல்லணும், மனுஷன் மோசமான இனவெறியர், கடிதங்கள்லயும் கதைகள்லயும் அப்பட்டமா இருக்கு, அவர் பயத்துல பாதி அடுத்த இனத்து மனுஷங்க மேல இருந்த பயம்தான். உலக ஃபேன்டஸி விருதுக்கு அவர் தலைச்சிலையைத்தான் 1975ல இருந்து குடுத்துட்டு இருந்தாங்க, எதிர்ப்பு வந்து 2015ல நிறுத்தினாங்க, நிறுத்தினது சரிதான்.)

தப்பிச்சவர்னா ஃபிராங்க் ஃப்ரசெட்டா. 1966ல இருந்து ஹோவர்டோட கோனன்ங்கிற வாள்வீரன் கதைகள் பேப்பர்பேக்கா வந்தப்போ அட்டை போட்டவர், அந்த அட்டைக்காகவே புத்தகம் வித்துச்சு. அவர் பிடிவாதமா ரெண்டு விஷயம் கேட்டார், அசல் ஓவியம் எனக்குத் திரும்ப வரணும், உரிமை என்கிட்ட இருக்கணும். அந்தக் காலத்துல பதிப்பகத்துக்காரங்க அசலை வச்சுக்குறதும் தூக்கிப் போடுறதும் சர்வ சாதாரணம். 2019ல அவரோட ஒரே ஒரு அசல் ஓவியம் ஏலத்துல 54 லட்சம் டாலருக்குப் போச்சு, அவர் போய் ஒன்பது வருஷம் கழிச்சு. உங்க நண்பர் டிஜிட்டல்ல வரையறார்னா அசல்னு ஒண்ணு கிடையாது, அதனால லேயரோட இருக்கிற, அதாவது இன்னும் பிரிச்சுத் திருத்தக்கூடிய மூல ஃபைலை யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க, புத்தகமா போடும்போது கதைக்கு உங்க பேரும் படத்துக்கு அவர் பேரும் ஒரே சைஸ்ல வரணும்னு இப்பவே ரெண்டு பேரும் எழுதி வச்சுக்குங்க. பணம் வர்றதுக்கு முன்னாடி பேசினா அஞ்சு நிமிஷத்துல முடியும். அந்தக் கயித்துப் படம் வந்தா இங்கயே கீழ போடுங்க, பாக்குறேன்.